ஸ்பார்க்ஸ்டேஷனுக்கு ஒரு டேப் டிரைவ்: மூன்று பிளக், ஆறு இடைவெளி, ஓர் எழுத்து

இரண்டு கேசட்டும் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் இருந்தன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை. ஒன்றின் மேல் நீல மையில் 'ஹோம் 97' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை.

"என் ஃபோர்ட்ரான் புரோகிராம் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. கிணத்துத் தண்ணி மட்டக் கணக்கு, பத்து வருஷ வேலை. படிக்க முடியுமா பாரேன்" என்றார் சார். எனக்குப் பாடம் எடுத்தவர், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. கல்லூரி கழித்துக்கட்டிய சன் கம்பெனியின் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 கணினி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மாடி அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அதில் ஓடுவது சன்னின் யூனிக்ஸான சோலாரிஸ் 2.5.1. மெஷின் 1994-இல் வந்த மாடல். பீட்சா பெட்டி என்பார்களே, அந்தத் தட்டைப் பெட்டிதான். மெஷின் ஓடுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் டிஸ்க் முதல் ஐந்து நிமிடம் அம்மி அரைக்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டுத்தான் அடங்குகிறது.

ஆக வேலை இரண்டு. பழைய கேசட்டைப் படிக்க ஒரு டிரைவ் வேண்டும். அதே டிரைவில், டிஸ்க் சாவதற்குள் ஒரு முழு பேக்கப் எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கை மட்டும் காப்பாற்றுவதென்றால் நெட்வொர்க் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு இழுத்துவிடலாம். அதையும் தனியாகச் செய்துகொண்டேன். ஆனால் கேசட்டுக்கு டேப் டிரைவை விட்டால் வேறு வழி கிடையாது. டிரைவ் எப்படியும் வரப்போகிறது, அதை ஒழுங்காகப் பொருத்தி முறையாகவே ஒரு பேக்கப் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின.

டிரைவ் ஹெச்பி சி1537ஏ, டிடிஎஸ்-3 ரகம். 4 மில்லிமீட்டர் அகல டேப். ஆடியோவுக்காக வந்த டாட் கேசட்டைத்தான் கணினித் தகவலுக்கு மாற்றி டிடிஎஸ் என்று பெயர் வைத்தார்கள். சாருடைய கேசட் 120 மீட்டர், அதாவது டிடிஎஸ்-2, 4 ஜிபி. டிடிஎஸ்-3 டிரைவ் 125 மீட்டர் கேசட்டில் 12 ஜிபி எழுதும். முந்தைய இரண்டு ரகத்தையும் படிக்கும், எழுதும். அதனால்தான் இதைத் தேடி வாங்கினேன். நண்பர் ஒருவர் ஸ்டூடியோவில் மிஞ்சிய ஆடியோ டாட் கேசட் நான்கைச் சும்மாவே தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். கணினிக்கென்று செய்த கேசட்டில், டேப் தொடங்குமுன் வரும் கண்ணாடிப் பகுதியில் கோடுகள் அச்சிட்டிருக்கும். டிரைவ் அதைப் பார்த்துத்தான் எழுத விடும். கோடு இல்லாத கேசட்டைப் படிக்க மட்டும்தான் அனுமதி. இதை அணைத்துவைக்க டிரைவின் அடியில் குட்டி சுவிட்ச் உண்டு, ஆனால் காப்பாற்றி வைக்கிற விஷயத்தில் அந்தக் கஞ்சத்தனம் எதற்கு?

டிரைவ் தனியாகத்தான் வந்தது. ஸ்கஸி (டிஸ்க், டேப்பையெல்லாம் கணினியோடு இணைக்கும் பழைய முறை) சிடி டிரைவ் ஒன்றின் வெளிப்பெட்டி என்னிடம் இருந்தது. பவர் சப்ளை, பின்பக்கம் 50 முள் ஸ்கஸி சாக்கெட் இரண்டு, ஐடி எண்ணை மாற்றும் பொத்தான் சுவிட்ச், எல்லாம் அதில் உண்டு. சிடி டிரைவைக் கழற்றிவிட்டு டேப் டிரைவை உள்ளே திருகினேன்.

ஸ்கஸி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரே கம்பியில் எல்லாக் கருவியும் வரிசையாகத் தொங்கும், ஆளுக்கு ஒரு எண். சன் மெஷின்களில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கணினியே 7, பூட் டிஸ்க் 3, இரண்டாவது டிஸ்க் 1, சிடி 6, டேப் 4. மெஷின் ஏறுவதற்கு முன் ஓடும் பூட் புரோமில் 'டேப்' என்று அடித்தாலே அது 4-ஐத்தான் தேடும். ஆகவே பொத்தானை அமுக்கி 4-இல் நிறுத்தினேன்.

கேபிளின் ஒரு முனை மெஷினுக்கு, மறுமுனை பெட்டிக்கு, பெட்டியின் இரண்டாவது சாக்கெட்டில் டெர்மினேட்டர். கம்பியின் கடைசியில் டெர்மினேட்டர் இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பும்; சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. அந்தச் 'சில நாள்' இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். ஆக்டிவ் ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அதில் ஒரு பச்சை விளக்கு உண்டு. டேப் பெட்டியின் பவரை அணைத்திருந்தாலும் அது எரிந்தது. மின்சாரம் மெஷினிலிருந்து கேபிள் வழியாகவே வருகிறது என்று அதை வைத்தே தெரிந்துகொண்டேன். கேபிளும் ஒரு மீட்டர்தான். இந்த வேகத்துக்கு உள்ளே ஓடுவதையும் சேர்த்து 3 மீட்டருக்குள் அடக்க வேண்டும்.

முதலில் டேப் பெட்டி, பிறகு மெஷின். பூட் புரோம் 'ஓகே' என்று காட்டி நின்ற இடத்தில் 'பூட் -ஆர்' கொடுத்தேன். (கட்டளைகளை எல்லாம் உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன்.) அந்த 'ஆர்' புதுக் கருவி வந்திருக்கிறது, தேடிப் பார் என்று சொல்வதற்கு. அந்தக் காலத்துச் சோலாரிஸில் செருகிய உடனே கண்டுபிடிக்கிற சமாசாரமெல்லாம் கிடையாது.

இங்கேதான் அவசரப்பட்டேன். பூட் செய்வதற்கு முன்பே 'புரோப்-ஸ்கஸி' என்று ஒரு வார்த்தை அடித்திருந்தால் யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் காட்டியிருக்கும். அடிக்கவில்லை. மெஷின் ஏறியது, டேப் கருவிகளின் பெயர்கள் இருக்கும் /டெவ்/ஆர்எம்டி அடைவில் (டைரக்டரியில்) 0 என்று தொடங்கி வரிசையாக 24 பெயர்கள் வந்துவிட்டன. சந்தோஷப்பட்டுக் காபி குடித்தேன். அப்புறம் பூட் ஆனபோது ஓடிய வரிகளை நிதானமாகப் படித்தால், டேப் டிரைவ் இருப்பது 'டார்கெட் 1'-இல். பொத்தானில் 4, மெஷினுக்கு 1.

சுவிட்ச் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து 5-க்கு மாற்றி, இந்தத் தடவை புரோப்-ஸ்கஸி கொடுத்துப் பார்த்தேன். 5 என்றே வந்தது. 6 வைத்தால் 3. பூட் டிஸ்க்கின் எண்! இரண்டும் மோதி புரோப்பே நின்றுபோனது. அவசரமாக அணைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. 4 என்பது இரும எண்ணில் 100, திருப்பிப் போட்டால் 001. 5 என்பது 101, திருப்பினாலும் அதேதான். 6 என்பது 110, திருப்பினால் 011, அதாவது 3. சுவிட்சிலிருந்து டிரைவுக்கு மூன்று குட்டிப் பிளக் போகின்றன, பிட்டுக்கு ஒன்று. மூன்றையும் வலமிருந்து இடமாகச் செருகித் தொலைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து, முதலும் மூன்றும் இடம் மாற்றி, நெயில் பாலிஷால் ஆளுக்கொரு புள்ளி வைத்து மூடினேன். சார் வீட்டு மெஷினில் இரண்டாவது டிஸ்க் இல்லாதது என் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் முதல் பூட்டிலேயே 1-இல் முட்டியிருக்கும்.

மறுபடி புரோப்-ஸ்கஸி: டார்கெட் 3, டிஸ்க். டார்கெட் 4, ரிமூவபிள் டேப், ஹெச்பி, சி1537ஏ. சரி. மறுபடி பூட் -ஆர். இப்போது கேசட்டைப் போட்டு நிலவரம் கேட்டால், 0-இல் அப்படி ஒரு கருவியே இல்லை என்கிறது.

பழைய தப்பின் வால் இது. முதல் தடவை ஏறியபோது 0 என்ற பெயரை டார்கெட் 1-க்கு எழுதி வைத்துவிட்டது சோலாரிஸ். இப்போது 4-இல் வந்ததைப் புது ஆள் என்று நினைத்து 1 என்று பெயர் கொடுத்திருக்கிறது. இல்லாத கருவியின் பெயரை அது தானாக அழிக்காது, நாம்தான் அழிக்க வேண்டும். ஆர்எம்டி அடைவில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, மூன்றாவது முறை பூட் -ஆர். 0 வந்தது.

24 பெயர் எதற்கு என்று சாரும் கேட்டார். டிரைவ் ஒன்றுதான். பின்னால் ஒட்டும் எழுத்தைப் பொறுத்து அது நடந்துகொள்ளும் விதம் மாறும். எல், எம், ஹெச், யு, சி என்பவை எழுதும் அடர்த்தி. சி போட்டால் சுருக்கி எழுதும். பி போட்டால் பழைய பிஎஸ்டி யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். 'என்' போட்டால் வேலை முடிந்ததும் டேப்பைச் சுற்றாது, நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த 'என்' பற்றிக் கீழே வருகிறேன்.

அடுத்து எம்டி ஸ்டேட்டஸ், டேப் டிரைவின் நிலவரம் கேட்கும் கட்டளை. பதில் வந்தது, ஆனால் 'அன்கான்ஃபிகர்ட் டிரைவ்' என்று. ஏதோ ஒரு டேப் இருக்கிறது, என்ன ரகம் என்று தெரியவில்லை என்கிறது. 2.5.1-இன் டேப் டிரைவருக்கு (டிரைவை இயக்கும் மென்பொருளுக்கு) இந்த மாடல் அறிமுகம் இல்லை. அறிமுகப்படுத்தும் இடம் /கெர்னல்/டிரவ் அடியில் எஸ்டி.கான்ஃப் என்ற கோப்பு. அதில் 'டேப்-கான்ஃபிக்-லிஸ்ட்' என்று ஒரு பட்டியல், முழுவதும் ஹாஷ் குறி போட்டு அணைத்திருக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் மூன்று சரம்: டிரைவ் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர், திரையில் காட்ட வேண்டிய பெயர், அமைப்பு எண்கள் இருக்கும் வரியின் பெயர். அந்த வரியில் டிரைவின் வகை, பிளாக் அளவு, அதன் திறமைகள், நான்கு அடர்த்திக் குறிகள், அவற்றில் எது இயல்பு என்று எண்ணாக எழுத வேண்டும். பிளாக் அளவுக்கு 0, அதாவது எந்த அளவும் ஏற்கும். ஹெச்பி டாட் டிரைவ்களுக்கு அந்தக் காலத்திலேயே எல்லோரும் பயன்படுத்திய வரியை அப்படியே எழுதினேன், ஹாஷ்களை எடுத்தேன், கடைசியில் அரைப்புள்ளி வைத்தேன், பூட் செய்தேன்.

அன்கான்ஃபிகர்ட் டிரைவ்.

எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அரைப்புள்ளி இருக்கிறது. பட்டியலின் தலைவரியிலும் ஹாஷை எடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் போனது. சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபோர்ட்ரான்ல ஆறாவது கட்டத்துல ஒரு எழுத்து விழுந்தா முழு புரோகிராமும் போயிடும். நீ இடைவெளியைப் பார்த்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. டிரைவ் தன் பெயரைச் சொல்லும்போது தயாரிப்பாளர் பெயருக்கு எட்டு இடம், அதன் பிறகு மாடலுக்குப் பதினாறு இடம் என்று ஸ்கஸியில் கணக்கு. ஹெச்பி இரண்டே எழுத்து. மீதி ஆறும் வெற்றிடமாக இருக்க வேண்டும். நான் மனிதர்கள் எழுதுகிற மாதிரி ஒரே ஒரு இடைவெளி விட்டு சி1537ஏ என்று எழுதியிருக்கிறேன். புரோப்-ஸ்கஸி காட்டிய வரியிலேயே அந்த அகலமான ஓட்டை கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஆறு இடைவெளியை எண்ணி அடித்து ஏற்றினேன். எம்டி ஸ்டேட்டஸ்: 'ஹெச்பி டிடிஎஸ்-3 டாட் டேப் டிரைவ்', பிழை ஒன்றும் இல்லை, ஃபைல் எண் 0, பிளாக் எண் 0. சாருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

எழுதுவதற்கு முன் கிளீனிங் கேசட்டை இரண்டு முறை ஓட்டினேன். எத்தனை வருடம் சும்மா கிடந்த ஹெட்டோ. முதல் முறை டிரைவ் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது, இரண்டாம் முறை போடவில்லை.

பேக்கப்புக்கு யுஎஃப்எஸ்டம்ப். ஃபைல்களைத் தனித்தனியாக எடுக்காமல் ஃபைல் சிஸ்டத்தை அப்படியே டேப்பில் கொட்டும். யாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதி பழையது பாதி புதியது என்று விழ வாய்ப்புண்டு. அதனால் இனிட் எஸ் கொடுத்து ஒற்றை ஆள் நிலைக்கு இறக்கினேன். இன்னொன்று தேதி. இந்த மெஷினின் கடிகாரச் சிப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கும், அது எப்போதோ செத்துவிட்டது. பவரை அணைத்துப் போட்டால் நாள் நட்சத்திரம் எல்லாம் தாறுமாறு. 'யு' என்ற எழுத்தைச் சேர்த்தால் எந்தப் பிரிவை எப்போது எடுத்தோம் என்று /எட்சி/டம்ப்டேட்ஸ் கோப்பில் குறித்துக்கொள்ளும். அடுத்த தடவை 'அதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடு' என்று கேட்டால் அந்தத் தேதியைத்தான் பார்க்கும். தேதி தப்பென்றால் அடுத்த பேக்கப்பும் தப்பு. கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தேதியை அடித்த பிறகே தொடங்கினேன்.

டிஸ்க்கில் ரூட், யுஎஸ்ஆர், எக்ஸ்போர்ட் ஹோம் என்று மூன்று பிரிவு. மூன்றையும் ஒரே கேசட்டில் அடுத்தடுத்து. ரூட் முடிந்தது, 'டம்ப் இஸ் டன்' வந்தது, டிரைவ் கொஞ்ச நேரம் உர்ரென்று சுற்றியது. யுஎஸ்ஆர் முடிந்தது, மறுபடி உர்ர். ஹோம் கிட்டத்தட்ட 700 எம்பி; டிரைவ் நொடிக்கு ஒரு எம்பி எழுதும் என்பதால் 12 நிமிடம் எதிர்பார்த்தேன், இருபது ஆனது. டிஸ்க்கிலிருந்து சரக்கு வரத் தாமதமானால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓடி வர வேண்டும். அந்தத் தயக்கம் காதுக்கே கேட்டது.

பிறகு சரிபார்க்க, இரண்டு ஃபைல் தாண்டிப் போ என்றேன். போக மறுத்தது. தொடக்கத்துக்குச் சுற்றிப் பட்டியல் கேட்டால், ரூட் இருக்க வேண்டிய இடத்தில் ஹோம் இருக்கிறது. கேசட்டில் வேறு ஒன்றுமே இல்லை.

அந்த உர்ர் சத்தம்தான். நான் கொடுத்தது 0. கொடுத்திருக்க வேண்டியது 0என். ஒவ்வொரு டம்ப் முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டது, அடுத்தது அதன் தலையிலேயே எழுதப்பட்டது. கல்லூரி லேபில் படித்த காலத்தில் இதே தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன், அதே சாரிடம். சன்னுக்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன். கருவிப் பெயர் கொடுக்காமல் விட்டால் எம்டி கட்டளை 0என்-ஐ எடுத்துக்கொள்ளும், யுஎஃப்எஸ்டம்ப் 0-ஐ எடுத்துக்கொள்ளும். ஒரே வீட்டில் ஆளுக்கொரு வழக்கம். சாரிடம் சொல்லவில்லை. "இன்னொரு தரம் எடுத்துடறேன் சார், சும்மா ஒரு நிச்சயத்துக்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் தெரிந்துகொண்ட மாதிரித்தான் இருந்தது.

இரண்டாவது முறை மூன்றும் 0என்-இல் போயின. இந்தத் தடவை பட்டியலோடு நிற்காமல், ஹோமிலிருந்து ஒரு அடைவைத் திரும்ப எடுத்தே பார்த்தேன். எண்ணுவதிலும் ஒரு குழப்பம் வைத்திருக்கிறார்கள்: எம்டிக்கு முதல் ஃபைல் 0, டம்ப்பைத் திரும்ப எடுக்கும் யுஎஃப்எஸ்ரெஸ்டோரின் 'எஸ்' எழுத்துக்கு முதல் ஃபைல் 1. ஹோம் அங்கே 2, இங்கே 3. ரெஸ்டோரை ஊடாட்ட முறையில் திறந்தால் ஒரு குட்டி ஷெல் மாதிரி நடக்கலாம். வேண்டியதைச் சேர்த்து, எக்ஸ்ட்ராக்ட் அடித்தால் எத்தனாவது கேசட் என்று கேட்கும், ஒரே கேசட் என்பதால் 1. கடைசியில் 'புள்ளிக்கு உரிமையாளரையும் அனுமதியையும் மாற்றட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். தற்காலிக இடத்தில் எடுக்கும்போது அதற்கு 'என்' (நோ) தான் பதில். 'ஒய்' அடித்தால் நாம் நிற்கிற அடைவின் அனுமதிகளே மாறிவிடும். எடுத்ததை டிஸ்க்கில் இருப்பதோடு ஒப்பிட்டேன், ஒரு பைட் வித்தியாசம் இல்லை.

கடைசியாக டிபன் டப்பா. முதலில் இரண்டு கேசட்டிலும் எழுதத் தடுக்கும் குட்டிக் கதவை ஓட்டை தெரிகிற மாதிரி நகர்த்தினேன். என் 'என்' மீது எனக்கே நம்பிக்கை இல்லை. பெயர் எழுதாத கேசட் காலி. ஒன்றும் பதியப்படவே இல்லை. 'ஹோம் 97'-ஐப் போட்டு, ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் டார் கட்டளையில் பட்டியல் கேட்டேன். செக்சம் பிழை, அதாவது சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றது. சாரின் முகம் வாடிவிட்டது. டார் இல்லையென்றால் டம்ப்பாக இருக்கலாம் என்று யுஎஃப்எஸ்ரெஸ்டோரில் கேட்டேன். டிரைவ் கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வந்து, யோசித்தது. பிறகு திரையில், டம்ப் எடுத்த தேதி 1997. 'எதிலிருந்து' என்ற இடத்தில் 'தி எபக்'. யூனிக்ஸின் கடிகாரம் தொடங்கும் 1970 ஜனவரி 1-இலிருந்து, அதாவது முழு பேக்கப். அதற்குக் கீழே பெயர்களாக ஓட ஆரம்பித்தது. '.எஃப்' என்று முடியும் பெயர்கள், ஃபோர்ட்ரான் ஃபைல்கள். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஓர் இடத்தில் படிப்புப் பிழை வந்து ரெஸ்டோர் தாண்டிப் போனது. இரண்டு தரவு ஃபைல்கள் போயின. அவை அச்செடுத்து பைண்ட் பண்ணிய ரிப்போர்ட்டில் இருக்கின்றன, மறுபடி அடித்துக்கொள்கிறேன் என்றார்.

டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். புதுக் கேசட்டின் லேபிளில் நான் எழுதியது: 'எம்டி கணக்கில் 0 ரூட், 1 யுஎஸ்ஆர், 2 ஹோம்.' அதற்குக் கீழே, நான் போன பிறகு சார் சிவப்பு மையில் ஒரு 'என்' எழுதி இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் போனபோது பார்த்தேன்.